நாலு மணி நேரத் தூரம்

நைனார்பாளையத்தில் யாராவது சிங்கப்பூரைத் தூரம் என்று சொன்னால் வீரமுத்துவுக்குக் கோபம் வந்துவிடும். "இன்னாய்யா தூரம்? ஏறி உக்காந்தா நாலு மணி நேரம். நம்மூர்லேருந்து மெட்ராஸ் போறதுக்கே அதவிட ஜாஸ்தி ஆவுது" என்பார். மகன் தமிழரசன் கப்பல் கட்டும் வேலைக்கென்று அங்கே போன நாளிலிருந்து இதைச் சொல்லிவருகிறார். டீக்கடையில் சொல்வார், மரவள்ளி ஏற்றுகிற லாரிக்காரனிடம் சொல்வார், ஒரு துக்க வீட்டில் பாடை கட்டிக்கொண்டிருந்தபோதும் சொன்னார். நாலு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய மகன் பதினோரு வருஷத்தில் மூன்று தடவைதானே வந்திருக்கிறான் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள ஊரில் யாருக்கும் தெம்பில்லை.

பேத்தி கலையரசி ஒருநாள் செல்போனில் பார்த்து, சென்னையிலிருந்து சிங்கப்பூர் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் என்றாள். வீரமுத்து அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிலோமீட்டர் என்பது நடக்கிறவனுக்கு, மணி என்பது உட்கார்ந்து போகிறவனுக்கு என்பது அவர் கட்சி. போகும்போது ஏழு மணி நேரம் ஆனது போலவும் வரும்போது ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டது போலவும் டிக்கெட்டில் போட்டிருக்கிறதே என்று ஒரு தடவை அவருக்குச் சந்தேகம் வந்தது. அங்கே கடிகாரம் முன்னால் ஓடுகிறது என்று மகன் போனில் சொல்லிப் பார்த்தான். வேன் ஓட்டுகிற அய்யப்பன்தான் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னான். "வெள்ளிமலை பஸ் கணக்குதாங்க. போறப்ப ஏத்தம், வர்றப்ப எறக்கம்." அது நியாயமாகப் பட்டது, விட்டுவிட்டார்.

இந்தத் தடவை தமிழரசன் மூன்று வார லீவில் வந்திருந்தான். ஒரே ஒரு ஆசையோடுதான் வந்தான், தூங்க வேண்டும். பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று மாறி மாறி வேலை பார்த்து அவன் உடம்புக்கு எது பகல் எது ராத்திரி என்பதே மறந்துபோயிருந்தது. பன்னிரண்டு பேர் படுக்கிற அறையில், ஒருவன் எழுந்து போகும்போது இன்னொருவன் வந்து படுப்பான். எந்த நேரமும் யாராவது விளக்கைப் போடுவார்கள். சொந்த வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் எழுப்பாமல் ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடக்க வேண்டும் என்று விமானத்தில் வரும்போதே நினைத்துக்கொண்டான்.

வெளிநாட்டிலிருந்து வந்தவன் ஊருக்குப் பொதுச் சொத்து என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டியாக வேண்டும். மணலூர்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போகாவிட்டால் அவள் மாமியார் பேசுவாள். நிலத்தை அளக்க வந்த சர்வேயர் முன்னால் நிற்க வேண்டும். வற்றிப்போன கிணற்றை எட்டிப் பார்த்து, இன்னும் எவ்வளவு தோண்டலாம் என்று பேச வேண்டும். மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு கருமாதி. எல்லா இடத்திலும் அவனை முன்வரிசையில் உட்காரவைத்து, "எப்ப கெளம்புற?" என்று கேட்டார்கள். வந்த மறுநாளிலிருந்தே கேட்டார்கள்.

கல்வராயன் மலைக் கோயிலுக்கும் ஒருநாள் கூட்டிப்போனார்கள். அவனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேண்டிக்கொண்டது, இன்னும் செலுத்தாமல் கிடந்தது. வேன் ஏற ஏற, கண்ணை மூடியவனை ஒவ்வொரு வளைவும் எழுப்பிவிட்டது. கோயிலுக்கு வெளியே பலா மரத்தடியில் மலைக்கார அம்மாள் ஒருத்தி, முகத்தில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு, உச்சி வெயிலில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. கோழி வந்து கொத்தினாலும் அவள் எழுந்திருக்கவில்லை. தமிழரசன் சாமியைவிட அவளைத்தான் அதிக நேரம் பார்த்தான். அவனுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

இப்படியே மூன்று வாரம் ஓடி, கடைசிப் புதன்கிழமையும் வந்தது.

அவன் கம்பெனியில் சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். மணலூர்பேட்டைக்காரர்தான். ஊர்ப் பக்கத்துக்காரன் என்று இரக்கம் காட்டினால் எல்லோரும் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள் என்று நம்புகிறவர். லீவு கொடுக்கும்போதே கறாராகச் சொல்லியிருந்தார்: "வெள்ளிக்கெழம மூணு மணி ஷிப்டுக்கு நீ இங்க நிக்கணும். நிக்கலன்னா வேல பர்மிட்ட ரத்து பண்ணச் சொல்லி எழுதிடுவேன். உன் எடத்துக்கு ஆள் காத்துக்கினு இருக்கான்." வெறும் மிரட்டல் இல்லை. போன வருஷம் இரண்டு நாள் பிந்தி வந்த ஒருவனை அப்படித்தான் அனுப்பினார். கிணறு வற்றிய இரண்டு ஏக்கரை நம்பி வீரமுத்து வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. அந்த வீட்டில் உலை கொதிப்பது தமிழரசனின் சம்பளத்தில்தான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவனுக்கு நன்றாகவே தெரியும்.

புதன்கிழமை சாயங்காலம் வீரமுத்து, கள்ளக்குறிச்சி ஏஜெண்டு கடையில் எடுத்துக் கொடுத்த டிக்கெட் தாளையும் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பயணம் என்றால் அவருக்குச் சூலம் பார்க்க வேண்டும். எந்தக் கிழமை எந்தத் திசையில் சூலம் இருக்கிறதோ அந்தத் திசையில் கிளம்பக் கூடாது.

"டேய், சிங்கப்பூர் எந்தத் திக்குல கீது?"

"தெக்கும் கெழக்கும் கலந்தாப்லப்பா."

"வியாழக்கெழம தெக்கால சூலம். அன்னிக்கி வாசல் தாண்டக் கூடாது. வெள்ளிக்கெழம மேக்கால. நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. வெள்ளிக்கெழம பாத்து டிக்கெட் போட்டான் பாரு, அந்த ஏஜெண்டு வெவரமான ஆளு. ராத்திரி பன்னெண்டு நாப்பதுக்கு ஏரோப்ளேன். சாய்ந்தரம் அஞ்சு மணிக்கு அய்யப்பன வரச் சொல்லிடறேன்."

தமிழரசன் அப்பாவைப் பார்த்தான். டிக்கெட்டில் வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு நாற்பது என்றுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை பிறந்து நாற்பது நிமிஷத்தில் கிளம்புகிற விமானம் அது. வியாழக்கிழமை சாயங்காலமே புறப்பட்டுச் சென்னையில் போய் நிற்க வேண்டும். ஆனால் வீரமுத்துவுக்கு நாள் என்பது பொழுது விடிந்தால்தான் பிறக்கும். சூரியன் வராமல் காலண்டர் தாளைக் கிழிக்க மாட்டார். கலையரசி ஒரு தடவை படுக்கப் போகும்போதே கிழித்துவிட்டாள் என்று அவளோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவியபிறகு வருகிற ராத்திரி, அவ்வளவுதான். போன தடவைகளில் திருச்சியிலிருந்து பட்டப்பகலில் பறந்ததால் இந்தக் குழப்பம் வரவில்லை.

"யப்பா" என்றான்.

"இன்னாடா?"

அந்த நிமிஷத்தில் அவன் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலியாகக் கிடந்தது. கல்யாணம் இல்லை, கருமாதி இல்லை. கிளம்புகிற நாளில் யாரும் எங்கேயும் கூப்பிட மாட்டார்கள். அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

"ஒண்ணுமில்லப்பா. வெள்ளிக்கெழமயே போலாம்."

வியாழக்கிழமை காலையிலும் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சூலமாவது ஒன்றாவது என்று வீரமுத்துவே வேனைக் கூப்பிட்டிருப்பார். மனைவி ஜெயசுதாவிடம் மட்டும் சொல்லலாமா என்று யோசித்தான். அவள் கோபக்காரி, பையைத் தூக்கி அவன் தலையில் வைத்து பஸ் ஏற்றிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டான். மதியம் சொல்லலாம் என்றிருந்தான், மதியமும் போனது. சாயங்காலம், கிளம்பியிருக்க வேண்டிய நேரத்தில், கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு போனை அணைத்துப் பெட்டியில் போட்டான். சார்ஜ் நிற்கவில்லை என்று வீட்டில் சொன்னான்.

வெள்ளிக்கிழமை தூங்கினான். உள் அறையில் பாயை விரித்து, மேலே காற்றாடி கடகடவென்று சுற்ற, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவன் அடித்துப்போட்ட மாதிரி கிடந்தான். பயணம் போகிறவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வீரமுத்து வாசலிலேயே காவல் உட்கார்ந்துவிட்டார். வழியனுப்ப வந்தவர்களை அங்கேயே மடக்கி, காபி கொடுக்கச் சொல்லி, நாலு மணி நேரத்துக் கதையைச் சொல்லி அனுப்பினார். கலையரசியைப் பக்கத்து வீட்டுக்கு விரட்டிவிட்டார்.

மதியம் ஒருதரம் கண் விழித்தான். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அடுப்படிக்கும் கூடத்துக்குமாக ஜெயசுதாவின் கால்கள் போவதும் வருவதும் தெரிந்தன. மிளகாய் வறுக்கிற நெடி வந்தது.

"ஜெயசுதா, கொஞ்சம் வந்து உக்காரேன்."

"உக்காந்தா ஆவறதில்ல. பொடி இன்னும் அரைக்கல. எலுமிச்சங்கா ஊறுகாய டப்பாவுல போடணும். வழியில துன்றதுக்குப் புளிசோறு கிண்டணும். உங்க தங்கச்சி வூட்லேருந்து அஞ்சு பேர் வந்து உக்காந்துக்கினு கீறாங்க, அவங்களுக்கு எல போடணும். நீங்க தூங்குங்க."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். அதற்குள் அவள் போய்விட்டாள். அவன் திரும்பிப் படுத்தான், தூக்கம் அப்படியே அள்ளிக்கொண்டு போனது. அவன் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல தூக்கம் அதற்கு முன் தூங்கியதில்லை. இதைப் பிறகு அவனே ஒத்துக்கொண்டான்.

ஐந்து மணிக்கு அய்யப்பன் வேனைக் கொண்டுவந்தான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எதிரே நிறைகுடத்தோடு வருவதற்கு எதிர்வீட்டுப் பெரியம்மாளை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவள் அவசரப்பட்டு, வேன் கிளம்புவதற்கு முன்பே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீரமுத்து அவளைத் திருப்பி அனுப்பி மறுபடியும் வரச் சொன்னார். சகுனம் இரண்டாவது தடவை சரியாக அமைந்தது. அப்பாவும் டிரைவரும் முன்னால், ஜெயசுதாவும் கலையரசியும் தமிழரசனும் பின்னால். பொடி டப்பாக்கள் ஜெயசுதாவின் மடியில் இருந்தன.

சின்னசேலம் தாண்டியதும் இடது பக்கம் கல்வராயன் மலை கூடவே வந்தது. கள்ளக்குறிச்சியில் சொல்லிவிட வேண்டும் என்று தமிழரசன் முடிவு செய்தான். கள்ளக்குறிச்சியில் வீரமுத்து வேனை நிறுத்தி, ஏஜெண்டு கடைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அதைப் பார்த்தபிறகு அவனுக்கு வாய் வரவில்லை. தியாகதுருகத்தில் சொல்லலாம் என்றிருந்தான். அங்கே கலையரசி, "சிங்கப்பூர்ல எறங்கின ஒடனே போன் பண்ணுப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். திருடின ஆட்டுக்கு அதன் சொந்தக்காரனிடமே புல் கேட்கிற மாதிரி இருந்தது அவன் நிலைமை. உளுந்தூர்பேட்டைக்குப் போனால் டீக்கு நிறுத்துவார்கள். அங்கே கண்டிப்பாகச் சொல்லிவிடுவது, அதற்கு மேல் இவர்களை அலைக்கழிப்பது பாவம்.

உளுந்தூர்பேட்டையில் லாரிகள் வரிசையாக நின்ற ஒரு ஓட்டல் முன்னால் அய்யப்பன் வேனை நிறுத்தினான். ஜெயசுதா பெஞ்சில் உட்கார்ந்து புளிசோற்றுப் பொட்டலங்களைப் பிரிக்க ஆரம்பித்தாள். வீரமுத்து டீ கிளாசோடு பக்கத்து வேன்காரர்களிடம் போய்விட்டார். அது அவர் சுபாவம். அங்கே சின்னக்கண்ணு என்று ஒருவர், நர்ஸ் வேலைக்குப் போகிற மகள் நிர்மலாவை அனுப்பக் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர்களும் சிங்கப்பூர்தான், அதே பன்னிரண்டு நாற்பதுதான்.

"நம்ம பையனும் அதேதாங்க" என்று வீரமுத்து சந்தோஷமாகத் தாளை எடுத்துக் காட்டினார். சின்னக்கண்ணு வாங்கிப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் எடுத்தார்.

"உங்களுதுல வெள்ளின்னு போட்டுக்கீது. எங்களுதுல சனிக்கெழம."

வீரமுத்து சிரித்தார். "அப்ப நீங்க ஒரு நாள் முந்தி வந்துட்டீங்க. நல்லவேள, இங்கயே பாத்தோம். திரும்பிப் போயி நிம்மதியா படுங்க."

நிர்மலா தாளை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள். "பன்னெண்டு தாண்டினா தேதி மாறிடுங்க. இன்னிக்கி ராத்திரி போறது சனிக்கெழம கணக்கு. உங்களுது நேத்து ராத்திரியே போயிடுச்சுங்க."

வீரமுத்து அவளை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து இந்தப் பக்கம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தே தமிழரசனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"ஏரோப்ளேன் நேத்தே போயிடுச்சாம்" என்றார் ஜெயசுதாவிடம். "நாள் பாக்கத் தெரியாத முண்டம் நானு. காலண்டரப் பாத்து, சூலத்தப் பாத்து, என் பையன் பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்." உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். மறுபடியும் அடித்துக்கொண்டார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

தமிழரசன் அவர் கையைப் பிடித்தான். "அடிச்சிக்காதப்பா. எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நேத்தே போவணும்னு. நீ காலண்டர் பாத்தப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தூங்கணும் போல இருந்துச்சு" என்றான்.

வேறு காரணம் எதுவும் அவனுக்கு வாயில் வரவில்லை, வேறு காரணம் இல்லவும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த அய்யப்பன் மெல்லுவதை நிறுத்தினான். வீரமுத்து திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். "அந்த ஆளுக்கு போனப் போடு" என்று மட்டும் சொன்னார்.

தமிழரசன் பெட்டியைத் திறந்து போனை எடுத்து உயிர்ப்பித்தான். போன் போட வேண்டிய அவசியமே இல்லாமல் சூப்பர்வைசரின் குரல் பதிவு வந்து கிடந்தது. அவன் அதை எல்லோரும் கேட்கிற மாதிரியே ஓடவிட்டான். "தமிழரசு, மூணு மணி வரைக்கும் பாத்தேன். போன் பண்ணேன், நீ எடுக்கல. பர்மிட்ட ரத்து பண்ண எழுதிட்டேன்பா. உன் எடத்துல படுக்க ஆள் வந்துட்டான். உன் சாமான மூட்ட கட்டி வெச்சிக்கீறேன், ஊருக்கு யாராச்சும் போனா குடுத்தனுப்புறேன்." கோபமே இல்லாத குரல். அவரும் தூங்கி நாளாகியிருக்கும் என்று தோன்றியது.

வீரமுத்து எழுந்து போய் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். "வண்டியத் திருப்பு அய்யப்பா" என்றார். சின்னக்கண்ணுவின் வேன் சென்னைப் பக்கம் கிளம்பியபோது நிர்மலா கையை ஆட்டினாள். அவர் பார்க்கவில்லை.

ஜெயசுதா பிரித்த பொட்டலங்களை மறுபடியும் கட்டினாள். நூல் சிக்கிக்கொண்டது, பல்லால் கடித்து அறுத்தாள். இப்போது அவள் கத்துவாள் என்று தமிழரசன் நினைத்தான். கத்தினால் தேவலை என்றும் இருந்தது. அவள் கண்கள் அடுப்புப் புகையில் சிவந்துபோய்க் கிடந்தன, கைவிரல்கள் மிளகாய்க் காந்தலில் வீங்கியிருந்தன. முந்தாநாள் ராத்திரி முறுக்கு சுட்டாள், நேற்று ராத்திரி மாவு வறுத்தாள். இந்த மூன்று வாரமும் அவன் போன இடத்துக்கெல்லாம் அவளும் வந்தாள். வந்து இறங்கியதும் அவன் உட்கார்ந்தான், அவள் அடுப்படிக்குப் போனாள். இதெல்லாம் அவனுக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

வேனில் ஏறிக் கலையரசியை மடியில் சாய்த்துக்கொண்டபிறகுதான் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாம். நானும் கொஞ்ச நேரம் பக்கத்துல வந்து படுத்திருப்பேன்."

தியாகதுருகம் வருவதற்குள் அவள் வாய் திறந்தபடி, கம்பியில் தலை இடிக்க இடிக்கத் தூங்கிவிட்டாள். அவன் தன் கையைக் கம்பிக்கும் அவள் தலைக்கும் நடுவில் கொடுத்துக்கொண்டு ஊர்வரைக்கும் விழித்தே வந்தான்.